தவளைக்குக் கட்ட வேண்டிய நூல்

வியந்தியான்,
பெரிய ஆஸ்பத்திரி,
ஆண்கள் வார்டுக்கு வெளியே உள்ள மரப்பெஞ்சு.

என் பெருமதிப்பிற்குரிய சந்தோன் அக்கா அவர்களுக்கு,

நெற்றிக்கு மேல் கைகூப்பி, நம் ஊர் சவன்னகெத் எந்தத் திசை என்று வாட்ச்மேனிடம் கேட்டு, அந்தப் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்து எழுதுகிறேன். நான் சௌக்கியம். உங்கள் முழங்காலும், முழங்காலுக்கு மேலும் கீழும் உள்ள மற்றதெல்லாமும் சௌக்கியமாக இருக்க வேண்டும். விகாரையின் பெரிய பிக்குவுக்கு என் வணக்கம். உங்கள் சேவலுக்கு வணக்கம் கிடையாது. ஏன் என்று அதற்கே தெரியும்.

உங்கள் தம்பி தவளை உயிரோடு இருக்கிறான். கடிதத்தில் அதை முதலில் எழுதிவிடுங்கள் என்று நர்ஸ் பெண் சொன்னதால் எழுதிவிட்டேன். மற்றதை நடந்தது நடந்தபடி வரிசையாகச் சொன்னால்தான் எனக்குச் சொல்ல வரும். அதிலும் நீங்கள் கொடுத்தனுப்பிய நூலைப் பற்றி ஒரு விஷயம் இருக்கிறது. அதைப் படிக்கும்போது தயவுசெய்து உட்கார்ந்துகொண்டு படியுங்கள்.

பஸ் நிலையத்தில் நீங்கள் சொன்னது ஒரு வார்த்தைகூட எனக்கு மறக்கவில்லை. "எம்புள்ளை அவசரத்துல அவனை வண்டியில ஏத்திக்கிட்டுப் போய்ச் சேத்துட்டு வந்துட்டான். நூலை மறந்துட்டாங்க. அக்கா முடிச்சுப் போட்ட நூலு கையில ஏறாம கத்தி வைக்க விடமாட்டேன்னு அவன் அங்க முறுக்கிக்கிட்டு நிக்கிறானாம். வயித்துக் கட்டியோ வளந்துகிட்டே போவுது. நாளைக்குக் காலையில ஏழு மணிக்கு ஆபரேசன். அதுக்குள்ள நீ போய்க் கட்டிடணும் பன்னி" என்றீர்கள். பெரிய பிக்கு ஓதி, நீங்கள் முடிச்சுப் போட்ட நூல்களை வாழையிலையில் மடித்து என் சட்டைப்பையில் நீங்களே வைத்துப் பொத்தானும் போட்டீர்கள். ஒட்டரிசிக் கூடையையும் ஊறல் மீன் ஜாடியையும் மடியில் வைத்தீர்கள். எல்லாவற்றையும் கொடுத்தீர்கள் அக்கா, ஒன்றைத் தவிர. அதை நானும் கேட்கவில்லை, நீங்களும் சொல்லவில்லை.

பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் ஒரு பெண், மடியில் கைக்குழந்தை. மூக்கும் முழியுமாக அப்படி ஓர் அழகு. கண்பட்டுவிடக் கூடாதே என்று முறைப்படி, "ஐயே, சகிக்கல. இவ்வளவு அசிங்கமா ஒரு புள்ளையா" என்றேன். அந்தப் பெண்ணுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க மாமா" என்று குழந்தையைத் தூக்கி என் மடியில் வைத்தாள். பெயர் எலியாம். எலி என் கால்சட்டையில் வாந்தி எடுத்தது. துடைக்கக் குனிந்தபோது ஜாடி மூடி திறந்து ஊறல் மீன் சாறு மறு காலில் ஊற்றியது. பாக்சான் தாண்டியதும் என்னைச் சுற்றி இருந்த இருக்கைகள் எல்லாம் காலி. டிரைவர் ஜன்னலைத் திறந்துவைத்தே ஓட்டினார். இப்படி ஒரு கோலத்தில்தான் சாயங்காலம் ஆஸ்பத்திரி வாசலில் போய் இறங்கினேன்.

வாட்ச்மேன் இரண்டடி பின்னால் போய் நின்றுகொண்டு, "யாரைப் பாக்கணும்?" என்றான்.

"தவளையை."

"தவளைன்னா?"

"தவளைதான்ப்பா. சவன்னகெத் தவளை. தலை சொட்டை, காது பெருசு. சிரிச்சா மேல ரெண்டு பல்லு இருக்காது."

"அது இல்ல மாமா. பேரு. ஆஸ்பத்திரிச் சீட்டுல இருக்குமே, அந்தப் பேரு. குடும்பப் பேரோட சொல்லுங்க."

அக்கா, தவளையை எனக்குத் தெரியாதா? பல் முளைத்த நாளிலிருந்து பார்க்கிற முகம். ஒரே நாளில் இரண்டு பேருக்கும் மொட்டையடித்து விகாரையில் விட்டார்கள். ஒரே நாளில் காவியைக் கழற்றினோம். அவன் கல்யாண ஊர்வலத்தில் குடை பிடித்தவன் நான். அவன் பெண்டாட்டி போனபோது மூன்று நாள் அவனுக்குச் சோறு ஊட்டியவன் நான். அவனுக்கு எந்தப் பக்கக் காது மந்தம், எந்தக் கால் விரலில் ஆணி, எந்தக் கனவு கண்டால் பயப்படுவான், எல்லாம் தெரியும். பெயர் தெரியாது. கல்யாணத்தில் பெயரைச் சொல்லித்தான் ஓதியிருப்பார்கள். நான் அப்போது அரிசிச் சாராயத்தோடு இருந்தேன்.

"தித் தவளை" என்று சொல்லிப் பார்த்தேன், காவி கட்டிக் கழற்றியவனுக்குப் போடுகிற 'தித்'தைப் போட்டால் கொஞ்சம் மரியாதை கிடைக்குமே என்று. வாட்ச்மேன் அசையவில்லை. அப்போதுதான் எனக்கு மூளை வேலை செய்தது. நெசவுச் சங்கப் பலகையில் உங்கள் பெயரைப் பார்த்திருக்கிறேன், சந்தோன் சயசான். அக்கா சயசான் என்றால் தம்பியும் சயசான்தானே?

"சயசான்!" என்றேன், பரீட்சையில் விடை தெரிந்த பையன் மாதிரி.

உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்தான். "சயசான்னு ஒரே ஒருத்தர்தான் மாமா இருக்காங்க. பிரசவ வார்டுல. நேத்துப் பொண்ணு பொறந்திருக்கு. அவங்களா?"

"இல்ல" என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் சொன்னேன். நான் இருந்த நிலைமை அப்படி.

என் முகத்தைப் பார்த்து அவனுக்கே பாவமாகிவிட்டது. "மாடியில தவளைன்னு ஒருத்தரு இருக்காரு. கடைசிக் கட்டில். சொட்டைத் தலை, அதுவும் சரிதான். போய்ப் பாருங்க. ஜாடியை மட்டும் வெளிய வெச்சிட்டுப் போங்க" என்றான். ஜாடியை விட்டுவிட்டா போவேன்? சட்டைக்குள் வைத்துக்கொண்டு ஓடினேன்.

கடைசிக் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். போர்வை கழுத்து வரைக்கும். சொட்டைத் தலை தெரிந்தது, பெரிய காது தெரிந்தது. எவ்வளவு மெலிந்துவிட்டான் என்று பார்த்ததும் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அழுதபடியே தரையில் மண்டியிட்டேன். போர்வைக்கு வெளியே கிடந்த கையைப் பிடித்தேன், வாழையிலையைப் பிரித்தேன். கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, பயத்தில் உடம்பை விட்டு ஓடின உயிரை அழைக்க ஆரம்பித்தேன். "வா, உயிரே, வா. ஆத்தங்கரையில நின்னாலும் வா. காட்டுல வழி தப்பி நின்னாலும் வா. கத்தியைக் கண்டு பயந்து ஓடாதே. உன் கூடு இங்க இருக்கு, உன் சோறு இங்க இருக்கு, வா தவளை, வீட்டுக்கு வா." ஒவ்வொரு நூலாகக் கட்டினேன். எல்லாவற்றையும் கட்டினேன். ஒன்றைக்கூட மிச்சம் வைக்கவில்லை. என் ஜென்மத்தில் அவ்வளவு நன்றாக நான் ஓதியதில்லை.

கண்ணைத் திறந்தால் முன்பின் பார்த்திராத ஒரு மனிதர். இரண்டு கண்ணிலிருந்தும் தண்ணீர் காதுக்குள் வழிகிறது.

"நீங்க யாரு?" என்றார்.

"நான் பன்னி. நீங்க?"

"தவளை."

"எந்தத் தவளை?"

"அத்தப்புத் தவளை. தெக்க கோடியில இருக்கே, அந்த அத்தப்பு." பிறகு மணிக்கட்டைத் தூக்கி நூலைப் பார்த்தார். "குடலிறக்கத்துக்கு வந்து கெடக்கேன். நாளைக்கு எனக்கும் கத்தி. வந்ததுலேர்ந்து ஒருத்தரும் எட்டிப் பாக்கல. எட்டிப் பாக்க ஆளும் கெடையாது. இதை யாரு குடுத்தனுப்புனா?"

"சவன்னகெத்ல ஒரு அக்கா."

"எனக்கு அங்க அக்கா இல்லையே."

"இப்ப இருக்காங்க" என்று சொல்லிவிட்டேன்.

அக்கா, கோபப்படுங்கள், படலாம். ஆனால் அந்தக் கையைப் பிடித்து முடிச்சை அவிழ்த்திருக்க முடியுமா என்று யோசித்துவிட்டுக் கோபப்படுங்கள். கட்டின நூலை மூன்று நாளைக்கு அவிழ்க்கக் கூடாது என்று ஊருக்கே சொல்கிறவர் நீங்கள். அவர் அந்தக் கையை மறு கையால் மூடி நெஞ்சில் வைத்துக்கொண்டார். நான் எழுந்து வெளியே வந்தேன். சட்டைப்பையில் வெறும் வாழையிலை இருந்தது.

அதற்குள் பார்வை நேரம் முடிந்து மணி அடித்துவிட்டார்கள். ஒரு நர்ஸ் பெண், சின்ன வயசுதான், எல்லாரையும் விரட்டிக்கொண்டு வந்தாள்.

"மாமா, கிளம்புங்க. காலையில எட்டு மணிக்கு வாங்க."

"ஏழு மணிக்கு ஆபரேசன்மா."

"யாருக்கு?"

"என் சிநேகிதனுக்கு."

"பேரு?"

"அதுதாம்மா தெரியல."

"சிநேகிதருங்கிறீங்க, பேரு தெரியலங்கிறீங்க. சட்டைக்குள்ள வேற எதையோ மறைச்சு வெச்சிருக்கீங்க. என்ன நாத்தம் மாமா இது?" என்று என்னை முற்றத்துக்குத் தள்ளிவிட்டுக் கதவைச் சாத்திவிட்டாள்.

முற்றத்தில் ஒரு சம்பாப் பூமரம். அதன் அடியில் நின்றேன். சுற்றிலும் கட்டிடம், எல்லாவற்றிலும் ஜன்னல். இதில் எங்கேயோ ஒரு ஜன்னலுக்குப் பின்னால் அவன் மூட்டையைக் கட்டிக்கொண்டிருப்பான், நூல் வரவில்லை, வீட்டுக்குப் போகிறேன் என்று. போனால் அவன் பிழைக்க மாட்டான். அது எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். உங்கள் அம்மாவை நினைத்துக்கொண்டேன். உங்களுக்குப் பின்னால், இவனுக்கு முன்னால் பிறந்ததெல்லாம் தங்காமல் போனதால், எந்தப் பேய்க்கும் ஆசை வரக்கூடாது, எந்தப் பேயும் தேடி வரக்கூடாது என்றுதானே அவனுக்குத் தவளை என்று வைத்தார்கள்? புண்ணியவதி, பேய்களோடு சேர்த்து என்னையும் ஏமாற்றிவிட்டாள்.

எனக்கு வேறு வழி தெரியவில்லை அக்கா. ஜாடியைக் கீழே வைத்தேன். இரண்டு கையையும் வாயருகே குவித்தேன். கத்தினேன். "தவளை ஓய்! வா! ஆத்தைத் தாண்டி வா, வயலைத் தாண்டி வா! எங்க இருந்தாலும் வா, தவளை ஓய்!"

ஜன்னல்கள் திறந்தன. மாடியிலிருந்து ஒரு கிழவர் எட்டிப் பார்த்து, "என்னையா கூப்பிட்ட, தம்பி?" என்றார். பக்கத்து ஜன்னலில் கையில் மாவுக்கட்டுப் போட்ட ஒரு வாலிபன், "நான்தான் தவளை, யாரு கூப்பிட்டது?" என்றான். எதிர்க் கட்டிடத்தில் பெண்கள் வார்டிலிருந்து குண்டாக ஓர் அம்மாள், "எம் பேரும் தவளைதான். என்னன்னு சீக்கிரம் சொல்லு, கஞ்சி ஆறிப்போவுது" என்றாள். அத்தப்புத் தவளையும் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து நின்று எனக்குக் கையை ஆட்டினார். அத்தனை தவளைகள் வந்தார்கள். நம் தவளையைக் காணோம். நர்ஸ் பெண் கதவைத் திறந்துகொண்டு வேகமாக வருவது தெரிந்தது. கடைசியாக ஒரு தடவை கத்தினேன். அதில் ஓதலும் இல்லை, ஒன்றும் இல்லை. "டேய் தவளை! எங்கடா இருக்க!" என்று மட்டும்தான்.

சமையல்கட்டுக்குப் பின்னால், தரைத்தளத்தில், ஒரு ஜன்னல் திறந்தது.

"டேய் பன்னி! ஏன்டா ஆஸ்பத்திரி வாசல்ல நின்னு எழவு வீடு மாதிரி கத்துற? மீன் நாத்தம் வந்தப்பவே நெனச்சேன்டா நீதான்னு!"

நான் அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். நர்ஸ் பெண் என்னைத் திட்டத்தான் வந்தாள். நான் அழுவதைப் பார்த்துவிட்டு ஜாடியை அவளே தூக்கிக்கொண்டாள்.

நான் நினைத்தபடியேதான். சட்டையை மாட்டி, மூட்டை கட்டி, கட்டிலில் உட்கார்ந்திருந்தான். தலைமாட்டுச் சீட்டில் ஏதோ ராஜா வீட்டுப் பெயர் எழுதியிருந்தது. பெத்சமோன் தம்மலங்சி.

"யார்டா இது? ஆள் மாறிப் படுத்திருக்கியா?"

"நான்தான்டா அது."

"நீ சயசான் இல்லையா?"

"அக்காதான் சயசான். நான் பொறந்து மஞ்சக்காமாலையில கெடந்தப்ப, இந்த வீட்டுப் புள்ளை இல்லைன்னு பேயை ஏமாத்த, எங்கப்பா என்னை எதுத்த வீட்டுத் தகரக்காரருக்கு வித்துட்டாரு. ஒரு கூடை உப்புக்கு. அப்பறம் எல்லாரும் குடும்பப் பேரு வெக்கணும்னு உத்தரவு வந்தப்ப, தகரக்காரரு தன் பேருலயே என்னையும் எழுதி வெச்சிட்டாரு. வித்த புள்ளையைத் திருப்பி எழுதுனா பேய்க்குத் தெரிஞ்சுடும்னு எங்கப்பாவும் விட்டுட்டாரு. உனக்குத் தெரியாதா?"

தெரியாது! ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவனுக்கு, அவனை உப்புக்கு விற்றது தெரியாது. இதை ஒரு வார்த்தை பஸ் நிலையத்தில் சொல்லியிருக்கக் கூடாதா அக்கா? சேவலைப் பற்றி எவ்வளவு நேரம் பேசினீர்கள்.

"சரி, நூலைக் கட்டு" என்று கையை நீட்டினான்.

நான் சொன்னேன். மாடி, கடைசிக் கட்டில், எல்லாம் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தான். "அவனுக்கு யாரும் இல்லையா?" என்றான். இல்லை என்றேன். "அப்ப கட்டினது கட்டினதாவே இருக்கட்டும்" என்றான். பிறகு மூட்டையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தான். "நான் வரேன்டா. நூல் இல்லாம நான் படுக்க மாட்டேன்."

வெள்ளத்தில் மேகோங் ஆற்றை நீந்திக் கடந்தவன் அவன். அன்றைக்குச் செருப்பை இடம் வலம் மாற்றி மாட்டிக்கொண்டு நின்றான். இவ்வளவு நாளும் பிடிவாதம் என்று நாம் சொன்னது பயம்தான் அக்கா.

நர்ஸ் பெண் போய்க் கட்டுத்துணி உருண்டையை எடுத்து வந்து, நீளநீளமாகக் கிழித்து முறுக்க ஆரம்பித்தாள்.

"இது நூல் இல்லம்மா" என்றான் தவளை. "ஓதாதது. அக்கா முடிச்சு இல்லாதது."

"மாமா, நான் வீட்டுக்கு மூத்தவ. எனக்கு அஞ்சு தம்பி" என்றாள் அவள். "அக்கா முடிச்சு எப்படிப் போடறதுன்னு எனக்கு நீங்க சொல்லித்தர வேணாம். உக்காருங்க."

உட்கார்ந்துவிட்டான். நீங்கள் அதட்டினால் உட்காருவானே, அதே மாதிரி.

அவள் சீட்டைப் பார்த்து, "பெத்சமோன் தம்மலங்சியோட உயிரே, வா" என்று ஆரம்பித்தாள். இவன் தலையை ஆட்டினான். "அந்தப் பேரு என் உயிருக்குத் தெரியாதும்மா. பன்னி கூப்பிடட்டும்." அதனால் நான் கூப்பிட்டேன், அவள் கட்டினாள். அதற்குள் என்ன கூச்சல் என்று பார்க்க மற்றத் தவளைகள் எல்லாரும் வந்துவிட்டார்கள். மாவுக்கட்டுக்காரன் ஒரு கையால் முடிச்சுப் போட முடியாமல் பல்லால் இழுத்தான். கஞ்சி அம்மாள் கட்டிவிட்டு, "நூறு வருசம் கத்திக்கிட்டுக் கெட" என்று வாழ்த்தினாள். கடைசியாக அத்தப்புக்காரர் கட்டினார். அவர் மணிக்கட்டிலிருந்த உங்கள் நூல் இவன் மணிக்கட்டில் படும்படியாகக் கொஞ்ச நேரம் அழுத்தி வைத்துக்கொண்டார். எல்லாரும் ஒருத்தர் முழங்கையை ஒருத்தர் தொட்டுக்கொண்டு நின்றோம். ஆகவே உங்கள் நூல் போய்ச் சேர்ந்துவிட்டது என்றுதான் என் கணக்கு. சுற்றிக்கொண்டு போயிற்று, அவ்வளவுதான்.

காலையில் ஏழு மணிக்கு அவனே நடந்து உள்ளே போனான். கட்டியை எடுத்துவிட்டார்கள். கெட்ட கட்டி இல்லை என்று நேற்றுத்தான் டாக்டர் சொன்னார். இன்னும் கொஞ்ச நாள் படுத்திருக்க வேண்டுமாம். மயக்கம் தெளிந்ததும் முதலில் உங்களைக் கேட்டான், இரண்டாவது ஊறல் மீனைக் கேட்டான். மூன்றாவதுதான் என்னைப் பார்த்தான். பார்த்துவிட்டு, "இன்னும் குளிக்கலையா?" என்றான்.

இதிலிருந்து எனக்குப் புத்தி வந்துவிட்டது அக்கா. இனிமேல் யாரோடு பேசினாலும், பேச்சை ஆரம்பிக்கும் முன்னால் முழுப்பெயரும் குடும்பப் பெயரும் கேட்காமல் விடமாட்டேன் என்று முடிவு செய்திருக்கிறேன். என் பெயர் பூன்லாப் வொங்கம்ஹெங். உங்களுக்கும் தெரிந்திருக்காது. எங்கேயாவது எழுதி வைத்துக்கொள்ளுங்கள், நாளைக்கு நான் படுத்தால் தேட வசதியாக இருக்கும்.

உங்கள் உயிர் உங்கள் உடம்பை விட்டு வாசற்படி தாண்டாமல் இருக்கட்டும். தறியில் இழை அறாமல் இருக்கட்டும். கோழிகள் பெருகட்டும், சேவலையும் சேர்த்தே சொல்கிறேன், இன்று எனக்கு மனசு நன்றாக இருக்கிறது.

கைகூப்பி வணங்கும் தம்பி,
பூன்லாப் வொங்கம்ஹெங்
(பன்றி)

பின்குறிப்பு: இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை. கொண்டுவருகிறவர்தான் அத்தப்புத் தவளை. தையல் ஆறி இன்றைக்கு ஊருக்குப் போகிறார். வழியில் இறங்கி அக்காவைப் பார்க்காமல் போகமாட்டேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறார். நூல் அழுக்கேறிவிட்டது, அவிழ்க்க மாட்டேன் என்கிறார். ஒட்டரிசி போடுங்கள், மிளகாய் வேண்டாம். அவருடைய முழுப்பெயரும் குடும்பப் பெயரும் என்னவென்று கேட்பீர்கள். எனக்குத் தெரியாது. மேலே புத்தி வந்துவிட்டது என்று எழுதியதையெல்லாம் அடித்துவிடுங்கள். ஆட்டோவில் ஏறி உட்கார்ந்து, கடிதத்துக்குக் கையை நீட்டிக்கொண்டு, எதிரேதான் இருக்கிறார், இப்போதுகூடக் கேட்கலாம். நூல் ஏறி உங்கள் தம்பியாகிவிட்டவரிடம் போய் உங்கள் பெயர் என்ன என்று எப்படிக் கேட்பது? வாசலில் நின்று தவளை என்று கூப்பிடுங்கள். வந்துவிடுவார்.